பழைய வரைபடங்களில் ஒரு அமெரிக்கக் கவுண்டியின் வளர்ச்சியைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. லூசியானாவில் இதைப் பாரிஷ் என்பார்கள், அலாஸ்காவில் பரோ. பத்திரப் பதிவு, சொத்து வரி, கோர்ட், கிராமப்புறச் சாலை என நிலம் சார்ந்த வேலைகள் பெரும்பாலும் இந்த அளவில் நடந்ததால், வரைபடங்களும் கவுண்டிவாரியாகவே குவிந்து கிடக்கின்றன. ஊர் எப்போது முளைத்தது, ரயில் எப்போது வந்தது, வயல் எப்போது மனையானது என்று அவற்றில் தேடுபவர்கள் வழக்கமாகக் கேட்பவை கீழே.

எந்த வரைபடத்திலிருந்து தொடங்குவது?

இருப்பதிலேயே பழையதைத் தேடி ஓடாதீர்கள். யுஎஸ்ஜிஎஸ் எனப்படும் மத்திய நிலவியல் சர்வே வெளியிட்ட டோப்போ ஷீட்டில், அதாவது மேடுபள்ளங்களோடு நிலத்தைக் காட்டும் வரைபடத் தாளில், தொடங்குங்கள். 1879-இல் அமைக்கப்பட்ட இந்தத் துறை 1884 முதல் நாடு முழுவதையும் வரைந்துவந்தது. அதன் பழைய ஷீட்டுகள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு டோப்போவியூ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேதி, அளவுகோல், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் ஷீட்டிலேயே இருக்கும்.

இன்றைய ஷீட்டை முதலில் எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு பதிப்பாகப் பின்னோக்கிப் போங்கள். ஒரு கோர்ட் கட்டடமோ ரயில் கிராசிங்கோ நான்கு பதிப்புகளில் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு 1870-களின் அட்லஸைத் திறந்தால் திசை தடுமாறாது.

கவுண்டியின் எல்லையே மாறியிருந்தால்?

பெரும்பாலும் மாறித்தான் இருக்கும். வளர்ச்சியைப் பற்றிய தப்பான முடிவுகளில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன. லாஸ் ஏஞ்சலஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1850-இல் கலிஃபோர்னியாவின் முதல் 27 கவுண்டிகளில் ஒன்றாக உருவானபோது அது இன்று இருப்பதைவிட மிகப் பெரியது. 1853-இல் சான் பெர்னார்டினோ பிரிந்தது. 1866-இல் வடக்கே ஒரு பகுதி கெர்ன் கவுண்டிக்குப் போனது. 1889-இல் ஆரஞ்ச் கவுண்டி பிரிந்தது. 1880 மக்கள்தொகைக் கணக்கில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 33,381 பேர், 1890-இல் 1,01,454 பேர். மும்மடங்கு என்று எழுதிவிடலாம், ஆனால் 1890-இன் எண்ணில் ஆரஞ்ச் கவுண்டியின் 13,589 பேர் இல்லை. 1880-இன் நிலப்பரப்பை வைத்து ஒப்பிட்டால் வளர்ச்சி இன்னும் அதிகம்.

சிகாகோவின் நியூபெரி நூலகம் தொகுத்த கவுண்டி எல்லை அட்லஸில், எந்தத் தேதியில் எல்லை எங்கே ஓடியது என்பது ஷேப்ஃபைலாகவே (மேப் மென்பொருளில் நேரடியாகத் திறக்கும் கோப்பு) கிடைக்கும். வேலை தொடங்கும் முன் அதை இறக்கி, உங்கள் ஆய்வுக்கு ஒரே ஒரு எல்லையை முடிவு செய்து, எல்லா ஆண்டுக்கும் அதையே வெட்டுக்கோடாகப் பயன்படுத்துங்கள். வர்ஜீனியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே நகரங்கள் கவுண்டியிலிருந்து தனித்தவை. நகரம் பக்கத்து நிலத்தைச் சேர்த்துக்கொள்ளும்போது கவுண்டி சுருங்கும். கட்டடங்கள் குறைந்ததுபோலத் தெரியும், ஆனால் ஒன்றும் இடிபட்டிருக்காது.

குடியேற்றத்துக்கு முன் நிலம் எப்படி இருந்தது என்று தெரியுமா?

30 மாநிலங்களில் தெரியும். 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி, விற்பதற்கு முன்பே மத்திய அரசு நிலத்தை 6 மைல் பக்கமுள்ள டவுன்ஷிப்களாக அளந்தது. ஒவ்வொன்றிலும் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அளந்தது 66 அடி கன்டர் சங்கிலியால், 80 சங்கிலி ஒரு மைல். ஒவ்வொரு டவுன்ஷிப்புக்கும் வரைந்த இந்தப் பிளாட் வரைபடங்களையும் சர்வேயரின் களக்குறிப்புகளையும் மத்திய அரசு நிலங்களைக் கவனிக்கும் பிஎல்எம் துறையின் நிலப்பதிவுத் தளத்தில் பார்க்கலாம். மைலுக்கு 2 அங்குலம் என்பது பிளாட்டின் வழக்கமான அளவுகோல்.

சர்வேயர் செக்‌ஷன் கோடுகளின் மேல்தான் நடந்தார், உள்ளே நடக்கவில்லை. ஆகவே ஓடை கோட்டைக் கடக்கும் புள்ளி சங்கிலிக் கணக்கோடு குறிப்பில் இருக்கும், அதை நம்பலாம். இரண்டு கடப்புகளுக்கு நடுவே ஓடை எப்படி வளைகிறது என்பது கண்ணால் பார்த்து இழுத்த கோடு. ஒரு செக்‌ஷனின் நடுவே குடிசையோ பாதையோ காட்டப்படவில்லை என்றால், அது அங்கே இல்லை என்று பொருளல்ல.

மூலைக்கல் அருகே சாட்சியாகக் குறித்த மரங்களின் வகை, விட்டம், தூரம் ஆகியவை களக்குறிப்பில் இருக்கும். எங்கே ஓக் காடு, எங்கே புல்வெளி என்று அந்தக் காலத் தாவரப் பரப்பை மீட்டு வரைய ஆய்வாளர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். சில பகுதிகளில் களத்துக்கே போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய போலிக் குறிப்புகளும் உண்டு. மலைப்பகுதியில் கோடுகள் ஒரு பிசிறில்லாமல் நேர்த்தியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பத்திரத்தில் உள்ள செக்‌ஷன் விவரத்தை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். “வடகிழக்குக் கால், தென்மேற்குக் காலில், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 5 வடக்கு, ரேஞ்ச் 3 கிழக்கு” என்று இருந்தால், முதலில் டவுன்ஷிப்பையும் (வடக்கு தெற்காக எத்தனையாவது) ரேஞ்சையும் (கிழக்கு மேற்காக எத்தனையாவது) பிடியுங்கள். செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் 1-இல் தொடங்கி மேற்கே 6 வரை போகும், அடுத்த வரிசையில் 7 முதல் கிழக்கே திரும்பும், இப்படி மடங்கி மடங்கித் தென்கிழக்கில் 36-இல் முடியும். 14 மேலிருந்து மூன்றாவது வரிசை, கிழக்கிலிருந்து இரண்டாவது. அதன் தென்மேற்குக் கால் 160 ஏக்கர். அதில் வடகிழக்குக் கால் 40 ஏக்கர். அந்த 40 ஏக்கரின் வடகிழக்கு மூலை செக்‌ஷனின் சரியான மையத்தைத் தொடும்.

ஓஹையோவின் முதல் சர்வேக்களில் எண் வரிசை வேறு. அங்கே இந்த விதியைப் பொருத்தினால் நிலம் மைல்கணக்கில் தள்ளிப் போய்விடும். பூமி உருண்டை என்பதாலும் சங்கிலிப் பிழையாலும் வரும் கூடுதல் குறைவை டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரத்துச் செக்‌ஷன்களில் தள்ளிவிடுவது வழக்கம். ஓரத்துச் செக்‌ஷன் சரியாக 640 ஏக்கர் இல்லையென்றால் அது பிழையல்ல. செக்‌ஷன் கோட்டின் மேலேயே போகும் கிராமச் சாலை திடீரென்று பக்கவாட்டில் ஒடிந்து மறுபடி நேராகப் போனால், பெரும்பாலும் அங்கே ஒரு திருத்தக் கோடு, அதாவது பூமியின் வளைவை ஈடுகட்ட அளவைப் புதிதாகத் தொடங்கிய கோடு, இருக்கும்.

நில உரிமைப் பத்திரத்தின் தேதிதான் குடியேறிய தேதியா?

இல்லை. 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி வந்தவர் 5 ஆண்டு அங்கே வாழ்ந்து பயிரிட்ட பிறகே பட்டயம், அதாவது அரசு தரும் முதல் உரிமைப் பத்திரம், கிடைத்தது. அதற்கும் முந்தையதாக அவர் வந்த தேதியைத் தேட வேண்டும். ரொக்கத்துக்கு வாங்கியவர் ஊகவணிகராக இருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

1870-களின் கவுண்டி அட்லஸில் நில உரிமையாளர் பெயர்களே இருக்கின்றனவே, அதை நம்பலாமா?

பெயர்களை நம்பலாம், முழுமையை நம்ப முடியாது. 1850-களிலிருந்து வந்த சுவர் வரைபடங்களும் அடுத்து வந்த அட்லஸ்களும் முன்பணம் கட்டியவர்களுக்காக அச்சிடப்பட்ட வியாபாரப் பொருட்கள். பணம் கொடுத்தவரின் பண்ணைவீடு தனிப் படமாக, மாடும் வேலியும் சகிதம் வந்திருக்கும். குத்தகை விவசாயி எங்கும் வரமாட்டார்.

இன்னொன்று, காகித ஊர்கள். மனை போட்டுத் தெருக்களுக்குப் பெயர் வைத்துப் பதிவும் செய்து, ஒரு வீடுகூடக் கட்டப்படாத ஊர்கள் மத்திய மேற்கில் ஏராளம். ரயில் பாதையும் அப்படித்தான். “திட்டமிடப்பட்டது” என்ற சிறு எழுத்தைக் கவனிக்காவிட்டால், போடப்படாத பாதையில் ரயில் ஓட்டிவிடுவீர்கள். அட்லஸில் மட்டும் இருந்து, அடுத்து வந்த டோப்போ ஷீட்டிலும் தபால் நிலையப் பட்டியலிலும் இல்லாத ஊரை “இருந்து மறைந்தது” என்று எழுதாதீர்கள்.

டோப்போ ஷீட்டின் ஆண்டு எதைக் குறிக்கிறது?

ஒரே ஷீட்டில் நான்கைந்து ஆண்டுகள் இருக்கலாம், அவற்றில் ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியது. கீழ் இடது மூலையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: 1951-இல் எடுத்த விமானப்படங்களிலிருந்து தொகுத்தது, 1953-இல் களத்தில் சரிபார்த்தது என்கிற மாதிரி. கீழ் வலது மூலையில் ஷீட்டின் பெயரோடு 1953 என்று இருக்கும். அதன் கீழே படத்திருத்தம் 1968 (பிந்தைய விமானப்படத்தைப் பார்த்துத் திருத்தியது) என்றோ, படச் சோதனை 1976 (விமானப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது மட்டும்) என்றோ சேர்ந்திருக்கலாம். இவை தவிர அச்சிட்ட ஆண்டு வேறு. 1976-இல் மறுஅச்சானது என்பதற்காக அதை 1976-இன் நிலவரம் என்று எடுத்துக்கொண்டால் இருபது வருடம் பிசகிவிடும்.

படத்திருத்தம் செய்த ஷீட்டில் புதிதாகச் சேர்ந்தவை ஊதா நிறத்தில் இருக்கும். இது தேடுபவருக்குக் கிடைத்த வரம். கறுப்பும் சிவப்பும் 1953, ஊதா 1968. ஒரே தாளில் பதினைந்து வருட வளர்ச்சி நிறம் பிரிந்து கிடக்கிறது. புதிய நெடுஞ்சாலை, அதன் சந்திப்பைச் சுற்றி முளைத்த குடியிருப்பு, ஓடையை மறித்த ஏரி எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் ஊதா விமானப்படத்தை மட்டும் பார்த்து வரைந்தது, களத்தில் சரிபார்த்ததல்ல. நீளமான ஒரு கூரை தொழிற்சாலையா கோழிப்பண்ணையா என்று அது சொல்லாது. இடிக்கப்பட்டவையும் சில சமயம் நீக்கப்படாமலே நிற்கும்.

அளவுகோலையும் பாருங்கள். பழைய 15 நிமிட ஷீட் (நிமிடம் என்பது இங்கே பாகையின் 60-இல் ஒரு பங்கு) 1:62,500. 1940-களுக்குப் பிறகு பரவலான 7.5 நிமிட ஷீட் 1:24,000. பழைய ஒன்றின் இடத்தைப் புதியவை நான்கு நிரப்பும். அந்த நான்கும் ஒரே ஆண்டில் சர்வே ஆனவை என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கவுண்டி முழுவதையும் ஒட்டிப் பார்க்கும்போது ஷீட் ஓரத்தில் சாலை சட்டென்று நின்றுபோவது இதனால்தான். ஒவ்வொரு ஷீட்டுக்கும் சர்வே ஆண்டு, களச்சோதனை ஆண்டு, திருத்த ஆண்டு, அச்சு ஆண்டு என நான்கு பத்தி உள்ள அட்டவணையை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

1940-இல் இருந்த வீடுகள் 1960-இன் ஷீட்டில் காணோம். இடித்துவிட்டார்களா?

அந்த இடம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். நெருக்கமாகக் கட்டடங்கள் உள்ள பகுதியில் வீடுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் நிறம் மட்டும் பூசி, பள்ளி, தேவாலயம் போன்ற அடையாளக் கட்டடங்களை மட்டும் விடுவார்கள். வீடுகளைக் குறிக்கும் கறுப்புச் சதுரங்களை எண்ணி வளர்ச்சியைக் கணக்கிடுபவருக்கு, ஊர் மிக வேகமாக வளர்ந்த இடத்தில் எண்ணிக்கை சுழியமாக விழும். நகரப் பரப்பை அந்த நிறத்தின் ஏக்கராலும், கிராமப்புறத்தைச் சதுரங்களாலும் அளங்கள். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டாதீர்கள்.

சான்போர்ன் வரைபடம் கவுண்டி ஆய்வுக்கு உதவுமா?

ஊர்களுக்கு மட்டும் உதவும். ஆனால் அங்கே அதற்கு ஈடு எதுவும் இல்லை. 1867 முதல் தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்டவை இவை. வழக்கமான அளவுகோல் 50 அடிக்கு ஓர் அங்குலம், அதாவது 1:600. இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல், சாம்பல் இரும்பு. மாடிகளின் எண்ணிக்கை எண்ணாக எழுதப்பட்டிருக்கும், குடியிருப்புக்கு ஓர் எழுத்து, கடைக்கு ஓர் எழுத்து. மெயின் தெருவின் ஒரே பிளாக்கை 1886, 1893, 1909 என்று அடுத்தடுத்த பதிப்புகளில் வைத்துப் பாருங்கள்: மஞ்சள் வரிசை இளஞ்சிவப்பாக மாறுவதும், குதிரை லாயம் இருந்த கட்டம் மோட்டார் கராஜ் ஆவதும் தெரியும். முதல் தாளில் மக்கள்தொகை, தண்ணீர் வசதி, தீயணைப்பு வசதி பற்றிய குறிப்புகளும் இருக்கும்.

மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படியில் நிறம் போய்விடும். மரமா செங்கல்லா என்று கேட்பவருக்கு அது பயன்படாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத் தளத்தில் வண்ணப் படி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சிக்கல் ஒட்டுத் துண்டு. புது வரைபடம் அச்சிடுவதற்குப் பதில், மாறிய கட்டடத்தைத் துண்டுத்தாளில் அச்சிட்டுப் பழைய தாள்மேல் ஒட்டினார்கள். தலைப்பில் 1924 என்று இருக்கும் தாள் 1950 நிலவரத்தைக் காட்டலாம். ஓரத்தில் ஒட்டிய தேதி இருக்கிறதா, ஸ்கேனில் துண்டின் விளிம்பு நிழலாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

கிராமப்புறச் சாலைகளுக்கு எது நல்லது?

1934-இன் ஹெய்டன்–கார்ட்ரைட் சட்டம் மத்திய சாலை நிதியில் 1.5 சதவீதம் வரை சர்வேக்கும் திட்டமிடலுக்கும் செலவிட அனுமதித்தது. அதன் பலனாக மாநில நெடுஞ்சாலைத் துறைகள் கவுண்டிவாரிப் பொது நெடுஞ்சாலை வரைபடங்களை வெளியிட்டன. மண் சாலை, சரளைச் சாலை, கான்கிரீட் சாலை எல்லாம் தனித்தனிக் குறியோடு, பண்ணைவீடு, பள்ளி, தேவாலயம், கல்லறை வரை காட்டப்பட்டிருக்கும். சாலை எப்போது தார் கண்டது என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. 1899 முதல் வந்த வேளாண்துறை மண்வள வரைபடங்களிலும் சாலையும் வீடும் உண்டு. பலர் இவற்றைப் புரட்டுவதே இல்லை.

எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த சாலை மேப்புகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. நியூயார்க் மாநிலம் டெலவேர் கவுண்டியில் ஆக்லோ என்ற ஊரை, தங்கள் மேப்பை யாராவது காப்பியடித்தால் மாட்டவைப்பதற்காக ஒரு நிறுவனம் 1930-களில் கற்பனையாகச் சேர்த்தது. பிறகு அந்த இடத்தில் ஒருவர் அந்தப் பெயரிலேயே கடை போட, பொய் ஊர் பாதி மெய்யாகிவிட்டது.

விமானப்படம் எந்தக் காலத்திலிருந்து கிடைக்கும்?

விவசாயக் கவுண்டிகளுக்கு 1930-களின் நடுவிலிருந்து. பயிர்ப் பரப்பை அளக்க வேளாண்துறை 1:20,000 அளவில் எடுத்தது. 9 அங்குலப் படம் ஒன்று ஏறக்குறைய 4.6 கி.மீ. பக்கமுள்ள பரப்பைப் பிடிக்கும். ஓரங்களில் உயரமான இடங்கள் வெளிப்புறம் சாய்ந்து விழும், அதனால் அளப்பதற்குப் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த படங்கள் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று வருவதால் நடுப்பகுதிகளே போதும். கைவிட்ட ரயில் பாதை நிலத்தில் மெல்லிய வளைவுத் தழும்பாகவும், பழத்தோட்டம் புள்ளி வரிசையாகவும் தெரியும்.

இன்றைய மேப்பின் மேல் பழையதைப் பொருத்துவது எப்படி?

க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் கருவி போதும். ஸ்கேன் 300 டிபிஐக்குக் குறையாத டிஃப் கோப்பாக இருக்கட்டும். 1:24,000 ஷீட்டை 300 டிபிஐயில் எடுத்தால் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 2 மீட்டர், 1:62,500-இல் 5.3 மீட்டர்.

டோப்போ ஷீட்டானால் நான்கு மூலைகளிலும், உள்ளே கூட்டல் குறியிட்ட இடங்களிலும் உள்ள அட்சம், தீர்க்கம் எண்களைக் கொடுங்கள். மென்பொருள் கேட்கும் ஆயத்தொலைவு அமைப்பு பெரும்பாலும் என்ஏடி27, அதன் இபிஎஸ்ஜி அடையாள எண் 4267; ஷீட்டின் ஓரக் குறிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இங்கே இன்றைய டபிள்யூஜிஎஸ்84-ஐத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மேற்குக் கடற்கரையில் அதனால் வரும் நகர்வு 100 மீட்டரை நெருங்கும். எல்லா வீடும் ஒரே திசையில் ஒரே தூரம் தள்ளித் தெரிந்தால் காரணம் இதுதான்.

அட்லஸில் ஆயத்தொலைவு இருக்காது. செக்‌ஷன் மூலை, ரயில் கிராசிங், பழைய தேவாலயம் போன்றவற்றைப் புள்ளியாக வையுங்கள். ஆற்றங்கரை வேண்டாம், ஆறு நகரும். படத்தை நீட்டிப் பொருத்தும் கணக்கு முறைகளில் முதல் படிப் பல்லுறுப்புக்கு 3 புள்ளி, இரண்டாம் படிக்கு 6 கணக்குக்குப் போதும். ஆனால் 10 முதல் 15 வரை, நான்கு மூலைக்கும் நடுவுக்கும் பரவலாக வைத்தால்தான் பிழை தெரியும். படத்தை ரப்பர்போல இழுத்து எல்லாப் புள்ளியிலும் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்லைன் முறை பிழையைச் சுழியம் என்று காட்டும். நீங்கள் வைத்த புள்ளிகளில் மட்டும்தான் அது சுழியம். சில புள்ளிகளைச் சேர்க்காமல் ஒதுக்கி, அவை எங்கே விழுகின்றன என்று சோதியுங்கள்.

துணியில் ஒட்டி மடித்த சுவர் வரைபடமானால், மடிப்புகளில் இடைவெளி இருக்கும். துண்டு துண்டாக வெட்டித் தனித்தனியாகப் பொருத்துவதே வழி. 1:24,000 ஷீட்டிலேயே தெளிவான புள்ளிகளில் 90 சதவீதம் 40 அடிக்குள், அதாவது 12 மீட்டருக்குள் இருந்தால் போதும் என்பதுதான் அன்றைய தேசியத் தரம். ஆகவே வீடு 8 மீட்டர் நகர்ந்ததாகத் தெரிந்தால், நகர்ந்தது வீடல்ல.

சதுரச் சர்வே இல்லாத கிழக்கு மாநிலங்களில்?

பழைய 13 காலனிகள், கென்டக்கி, டென்னஸி போன்ற இடங்களில் மரம், கல், ஓடை, காம்பஸ் கோணம் என்று எல்லை விவரிக்கப்பட்டது. காம்பஸ் காட்டியது காந்த வடக்கை, அது ஆண்டுக்கு ஆண்டு நகர்வது. பத்திரத்தின் ஆண்டுக்கும் இடத்துக்கும் உரிய விலகலை (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) சரிசெய்த பிறகே கோணத்தை வரைய வேண்டும். ஒரு மனையை மட்டும் தனியாகப் பொருத்த முயலாமல், பக்கத்து மனைகளையும் வரைந்து பொது எல்லைகளைச் சேர்த்துக் கட்டினால் இடம் பிடிபடும்.

கோர்ட் ஹவுஸ் எரிந்து ஆவணங்களே இல்லையென்றால்?

உள்ளூர்ப் பத்திரம் போயிருக்கும், ஆனால் மத்திய அரசு நிலமாக இருந்த மாநிலங்களில் முதல் விற்பனையின் பட்டயப் பதிவு வாஷிங்டனில் தனியாக இருந்ததால் தப்பியிருக்கும். பிஎல்எம் தளத்தில் செக்‌ஷன் எண் கொடுத்துத் தேடலாம். அதற்குப் பிந்தைய கைமாற்றங்களுக்கு அட்லஸ் பெயர்களை மக்கள்தொகைக் கணக்குத் தாள்களோடு ஒப்பிடுங்கள். ரயில் நிறுவனத்துக்கு மானியமாகக் கிடைத்த ஒற்றை எண் செக்‌ஷன்களானால் நிறுவனத்தின் நில விற்பனைப் பதிவேடு மாநில வரலாற்றுச் சங்கத்தில் இருக்கக்கூடும். எரிந்த பிறகு உரிமையை நிலைநாட்ட மக்கள் தங்களிடமிருந்த பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து மறுபடி பதிந்திருப்பார்கள்; அதனால் தீப்பிடித்த ஆண்டுக்கு அடுத்த சில ஆண்டுகளின் பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள், அவற்றில் தீக்கு முந்தைய பத்திரங்களும் அளவுப் படங்களும் கிடைக்கும்.